வீட்டுக் குலுக்கலில் பிந்திப் பதிபவருக்கு வாய்ப்புக் குறைகிறதா?

கேள்வி (தலவாக்கலை)

ஃபைனல் ஃபான்டசி 14 என்ற இணைய விளையாட்டில், வீடு கட்டும் சிறிய மனை ஒன்றுக்காக 11 தடவை குலுக்கலில் கலந்துகொண்டேன்; 11 தடவையும் கிடைக்கவில்லை. வேலை முடிந்து லயத்துக்கு வந்து, எதிர்மலைக் கோபுரத்தின் சிக்னல் படும்படி கைத்தொலைபேசியை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து மடிகணினிக்கு இணைப்பு எடுப்பதற்குள் இரவு ஒன்பது மணியாகிவிடும். மழை பிடித்தால் அதுவும் இல்லை. இதனால் பெரும்பாலும் கடைசி நாளில்தான் பதிகிறேன். சென்ற முறை எனக்குக் கிடைத்த இலக்கம் 58, பதிந்தவர்கள் 60 பேர், வென்றது 14. அதற்கு முந்திய முறையும் சிறிய இலக்கமே வென்றது. முந்திப் பதிபவர்களுக்கு இது சாதகமாக அமைந்திருக்கிறதா? மேலும், அந்த மனைக்குக் கட்டிய கில் (விளையாட்டுக்குள் புழங்கும் பணம்) இன்னும் என் கையிருப்பில் சேரவில்லை. நான் ஏதும் செய்யத் தவறிவிட்டேனா?

பதில் (பண்டாரவளை)

முதலில் பணத்தை எடுத்துவிடுங்கள். தோற்றவருக்கு முழுத் தொகையும் உண்டு. ஆனால் அது தானாக வந்து சேராது. பதிந்த அதே மனையின் முன்னுள்ள அறிவிப்புப் பலகைக்குச் சென்று, முடிவைப் பார்த்து, நீங்களே பெற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு 90 நாள் அவகாசம் இருக்கிறது. வென்றவருக்குத்தான் நெருக்கடி: முடிவு வெளியாகும் 4 நாட்களுக்குள் கொள்வனவை உறுதிசெய்யாவிட்டால் மனையும் போய், கட்டியதில் பாதியும் போய்விடும்.

இலக்கம் என்பது பதிந்த வரிசையைக் காட்டுவது மட்டுமே. 60 பேர் பதிந்தால் 1ஆம் இலக்கத்துக்கும் 58ஆம் இலக்கத்துக்கும் அறுபதில் ஒரு வாய்ப்புத்தான். 2022 ஏப்ரலில் 6.1 பதிப்பு வரும்வரை முந்தியவருக்கே மனை என்ற முறை இருந்தது. எந்த நிமிடத்தில் விற்பனைக்கு வரும் என்று தெரியாத பலகையை மணிக்கணக்காக அழுத்திக்கொண்டே நிற்க வேண்டும். இடையில் மின்சாரம் போனால் அவ்வளவு நேரமும் வீண். நம் பக்கத்தவர்களுக்கு உண்மையில் அநீதியாக இருந்தது அதுதான். குலுக்கலிலும் தொடக்கத்தில் பிழை இருந்தது: ஆட்கள் பதிந்திருந்த மனைகளிலும் வென்ற இலக்கம் 0 என்று காட்டியது, பின்னர் திருத்தினார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள் என்பதைப் பலகையே காட்டுகிறது. பதிவுக்காலம் 5 நாட்கள். ஆகவே கடைசி நாளில் வருபவர், கூட்டம் குறைந்த மனையைப் பார்த்துத் தெரிவுசெய்யலாம். நீங்கள் குறையென்று நினைத்த தாமதம் உங்களுக்குச் சாதகமானது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி அண்ணா, பணம் கிடைத்துவிட்டது. ஆனாலும் மனம் ஆறவில்லை. அம்மா பிடிக்கும் சீட்டிலும் பெயரைக் குலுக்கித்தான் எடுக்கிறார்கள். அங்கே யாரும் 11 தடவை ஏமாந்து அழுததில்லை. முன்பு தோற்றதை இங்கே கணக்கில் எடுக்க மாட்டார்களா?

பதில் (ஹட்டன்)

எடுப்பதில்லை தம்பி. சீட்டில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால், எடுத்தவரின் பெயர் அடுத்த குலுக்கலில் இராது. மாதத்துக்கு மாதம் பெயர் குறைந்து, கடைசி ஆளுக்குப் பன்னிரண்டாம் மாதம் உறுதியாகக் கிடைக்கும். இங்கே வென்றவர் விலகினாலும் அவருடைய இடத்தில் புதியவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொரு மனைக்கும் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்குகிறது. அறுபதில் ஒன்று என்ற வாய்ப்போடு 11 தடவை பதிந்த நூறு பேரில் ஏறத்தாழ 83 பேர் உங்களைப் போலவே வெறுங்கையோடுதான் இருப்பார்கள். ஒரு தடவையாவது வெல்லும் வாய்ப்புப் பாதியைத் தாண்டுவதற்கு 42 சுற்றுகள் தேவை. ஒரு சுற்று 9 நாட்கள் என்பதால் அது 378 நாட்கள். ஒவ்வொரு குலுக்கலிலும் ஓரவஞ்சனை இல்லை என்பதை ஏற்கிறேன். ஆயினும் ஓராண்டுக்கு மேல் காத்திருப்பவரையும் நேற்று வந்தவரையும் ஒரே தட்டில் வைப்பதை என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை. தோற்ற ஒவ்வொரு முறைக்கும் மேலதிகச் சீட்டு ஒன்று கொடுப்பது அவர்களால் முடியாத காரியமல்ல. 2025 பெப்ரவரியில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற மற்றோர் இணைய விளையாட்டு தன் வீட்டுத் திட்டத்தை விவரித்தபோது, குலுக்கலே இராது என்று வெளிப்படையாகச் சொன்னது. இங்கே அப்படியொரு மாற்றம் வரும்வரை நமக்கு இருப்பது பண்டாரவளை நண்பர் சொன்ன வழிதான். கடல் தெரியும் மூலை மனைகளை விட்டுவிட்டு, உள்ளே ஒதுங்கிய மனைகளைப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

நேற்றிரவு ஐந்தாம் நாள். மழை விட்டிருந்ததால் விளையாட்டின் குடியிருப்புப் பகுதியில் இரண்டு வார்டுகளைச் சுற்றிப் பார்க்க முடிந்தது. படிக்கட்டுக்குப் பின்னால் மறைந்திருந்த ஒரு மனையில் 19 பேர் மட்டுமே பதிந்திருந்தார்கள். எனக்குக் கிடைத்த இலக்கம் 20.