மால்டா குழாய்த் தண்ணீரில் பருப்பு வேகுமா, வேகாதா?

கடற்காகம்:
நேத்து ஒரு காணொளி பார்த்தேன். மால்டாவுக்கு வந்து நாலு மாசம் ஆன தம்பி ஒருத்தர் ஸ்லீமா கடற்கரையில நின்னுக்கிட்டு, "குட்டி சொர்க்கம்ங்க! குழாயைத் திறந்தா அப்படியே குடிக்கலாம்"னு அளக்கிறார். கீழே ஊர்ல இருந்து ஒரு கூட்டமே "அண்ணா எப்படி வர்றது"ன்னு கேட்டு நிக்குது. ஒன்பது வருஷமா இங்கே குப்பை கொட்டுறவன் சொல்றேன், கேட்டுக்கோங்க: அந்தத் தண்ணியில துவரம்பருப்பு வேகாது. இந்தத் தீவுல ஆறு கிடையாது, ஏரி கிடையாது. குழாயில வர்றதுல பாதிக்கு மேல கடல் தண்ணியை ஆர்.ஓ. பண்ணி எடுத்தது, மீதி ஆழ்குழாய்த் தண்ணி. டீ போட்டா டீயில உப்பு. கெட்டிலுக்குள்ள வெள்ளையா சுண்ணாம்பு. இதையெல்லாம் மறைச்சுட்டு சொர்க்கமாம்.

கல்லுவீடு:
அந்தக் காணொளி ஆள் நான் இல்லை. ஆனா அவர் சொன்னதுல என்ன தப்பு? 2004ல ஐரோப்பிய ஒன்றியத்துல சேர்ந்த நாடு, குடிநீருக்கும் அவங்க தரம்தான். ஆறு வருஷமா குழாய்த் தண்ணிதான் குடிக்கிறேன், கல்லு மாதிரி இருக்கேன். பருப்பு வேகலைன்னா குக்கர் கேஸ்கெட்டை மாத்துங்க சார்.

கடற்காகம்:
நான் விஷம்னா சொன்னேன்? வேகாதுன்னேன். கேஸ்கெட் போன பொங்கலுக்குத்தான் மாத்தினது. ஏழு விசில் விட்டாச்சு. சாம்பார்ல பருப்பு தனியா, தண்ணி தனியா நிக்குது.

வெள்ளரிப்பிஞ்சு:
ஒருத்தர் உடம்புக்குக் கெடுதியான்னு பேசுறீங்க, இன்னொருத்தர் ருசி, கடினத்தன்மைன்னு பேசுறீங்க. ரெண்டும் வேற வேற. "குடிக்கலாம்"னா என்ன அர்த்தம்னு முதல்ல முடிவு பண்ணிட்டு...

கடற்காகம்:
அர்த்தம் அப்புறம் பார்க்கலாம்மா. பருப்பு வெந்துச்சா, வேகலையா? அதைச் சொல்லச் சொல்லுங்க.

குறுக்குச்சந்து:
அண்ணே, எந்தக் குழாயில பிடிச்சீங்க? இங்கே பல வீட்டுல கிச்சன் குழாய் நேரா மெயின்ல இருந்து வரும், பாத்ரூமுக்கு மொட்டை மாடித் தொட்டியில இருந்து வரும். தொட்டித் தண்ணியைப் பிடிச்சுட்டு நாட்டையே திட்டாதீங்க.

கடற்காகம்:
ஒன்பது வருஷமா பாத்ரூம்லயா பருப்பு வேக வைக்கிறேன்? கிச்சன் குழாய்தான்.

கல்லுவீடு:
எங்க வீட்டுல வேகுது. ஊருக்கு ஊர் கலவை மாறும். பெம்ப்ரோக்ல ஆர்.ஓ. ஆலை இருக்கு, லாப்சியில இருக்கு, சிர்கேவாவுல இருக்கு. உங்க புஜிபா தண்ணியை வெச்சு மொத்த மால்டாவுக்கும் தீர்ப்பு எழுதாதீங்க.

கடற்காகம்:
மொத்த மால்டாவா? 316 சதுர கிலோமீட்டர்! பெரிய தீவே நீளத்துல 27 கிலோமீட்டர்தான். இதுல "ஊருக்கு ஊர்" வேற. சரி, உங்க வீட்டுல வேகுதே, பால்கனியில ஆறு பாட்டில் கட்டு அடுக்கி வெச்சிருந்தீங்களே, அது எதுக்கு? போன வருஷம் படம் போட்டீங்க, மறந்துட்டீங்க போல.

கல்லுவீடு:
அது விருந்தாளிகளுக்கு.

குறுக்குச்சந்து:
பாட்டில் பேச்சு வந்ததால சொல்றேன். 2022 நவம்பர்ல இருந்து ஒவ்வொரு பாட்டிலுக்கும் 10 சென்ட் முன்பணம் பிடிக்கிறாங்கல்ல, காலி பாட்டிலைப் போட்டு அதைத் திருப்பி வாங்க மெஷின் முன்னாடி போன சனிக்கிழமை முக்கால் மணி நேரம் நின்னேன். என் முறை வந்ததும் மெஷின் நிறைஞ்சு போச்சு.

நெத்திலி67:
அதே 2022ல இருந்துதான் கார்டு வெச்சிருந்தா பஸ் இலவசம். இலவசம்னதும் ஏறவே இடமில்லை. ஐந்தரை லட்சம் சனத்துக்கு நாலு லட்சத்துக்கு மேல வண்டி. இதுல அந்தக் காணொளித் தம்பி "எங்கிருந்து எங்கே போனாலும் இருபது நிமிஷம்" வேற சொல்லியிருக்கார். காலையில எட்டு மணிக்கு இம்சீடாவைத் தாண்டிட்டு வந்து சொல்லட்டும்.

கல்லுவீடு:
இடது பக்கம் ஓட்டுறாங்க, மூணு முளை பிளக், ஆங்கிலம் ஆட்சி மொழி. நம்ம ஆளுக்கு இதைவிட என்ன வேணும்? எதைக் கொடுத்தாலும் குறை சொல்றதுக்குன்னே சிலர் பொறந்திருக்காங்க.

கடற்காகம்:
ஆங்கிலமா? வீட்டுக்காரர் ஆங்கிலத்துல நல்லாத்தான் பேசுவார். தண்ணி, கரண்டுக்கு எத்தனை பேர் இருக்கோம்னு பாரத்துல கையெழுத்துப் போடச் சொன்னா மட்டும் மறந்துடும். குடியிருப்போர் கட்டணம் கிடைக்காம ரெண்டு வருஷம் கூடுதல் கட்டணத்துல கட்டினேன். உப்புத் தண்ணிக்கு!

நெத்திலி67:
2023 ஜூலையில வெயில் கொளுத்தினப்ப கரண்ட் போச்சே, ஞாபகமிருக்கா? மண்ணுக்கடியில கேபிள் வெந்து போச்சு.

குறுக்குச்சந்து:
கேபிள் வெந்துச்சு, பருப்புதான் வேகலை.

கல்லுவீடு:
சிரிப்பு வரலை. இந்தக் கடற்காகம் போன வருஷம் "மால்டீஸ் இத்தாலிய மொழி"ன்னு மூணு நாள் அடிச்சுப் பேசின ஆளு. அது அரபி வழி வந்த மொழி, எழுத்து மட்டும்தான் லத்தீன். தண்ணிக்கு "இல்மா"ம்பாங்க, அரபிக்காரனைக் கேளுங்க. அப்பவும் ஒத்துக்கலை, இப்பவும் ஒத்துக்க மாட்டார்.

கடற்காகம்:
இத்தாலியச் சொல் நிறைய இருக்குன்னுதான் சொன்னேன். இருக்கா, இல்லையா? பேச்சை மாத்தாதீங்க. இல்மாவுல பருப்பு வேகுமா?

தையல்கடை:
நான் இங்கே முதியோர் இல்லத்துல வேலை பார்க்கிறேன். எனக்குத் தண்ணிகூடப் பரவாயில்லை. ஜனவரியில சுண்ணாம்புக்கல் சுவர் ஈரத்தை உறிஞ்சிக்கிட்டு, பீரோவுல இருக்கிற பட்டுப்புடவை வரைக்கும் பூஞ்சணம். ஹீட்டர் இல்லாத வீடு, வெளியவிட உள்ளதான் குளிரு. ஈரம் இழுக்கிற மெஷின் ராத்திரியில ரெண்டு லிட்டர் தண்ணி பிடிக்குது.

கடற்காகம்:
அக்கா, அந்த ரெண்டு லிட்டர்ல உப்பே இருக்காது. பருப்பு போட்டுப் பாருங்க, பஞ்சா வெந்துடும்.

வெள்ளரிப்பிஞ்சு:
தயவுசெய்து அந்தத் தண்ணியைச் சமையலுக்கு எடுக்காதீங்க!

கல்லுவீடு:
இவர் சொல்றதைக் கேட்டா அப்படித்தான் ஆஸ்பத்திரிக்குப் போகணும். சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டா எந்தத் தண்ணியிலும் பருப்பு வேகும். எங்க அம்மா ராமநாதபுரத்துல அதைத்தான் போடுவாங்க.

கடற்காகம்:
ஆகா! மாட்டினீங்களா? வேகுற தண்ணிக்கு எதுக்குய்யா சோடா உப்பு?

கல்லுவீடு:
எனக்குன்னு சொல்லலை. உங்களை மாதிரி ஆளுங்களுக்குச் சொன்னேன்.

புதுவரவு_சிவகாசி:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். எனக்கு அடுத்த மாசம் அங்கே ஹோட்டல் வேலை. ஏஜென்ட் அஞ்சு லட்சம் கேக்கறார். வாடகை போக மிஞ்சுமா? அப்படியே பாஸ்போர்ட்டும் கிடைக்கும்னு சொல்றார், நிஜமா?

நெத்திலி67:
தம்பி, அது கோடி கோடியா கொட்டினவனுக்குக் கொடுத்தது. அதுவும் 2025 ஏப்ரல்ல ஐரோப்பிய நீதிமன்றம் சட்டவிரோதம்னு சொல்லிடுச்சு. உங்க ஏஜென்ட் இன்னும் அதை வித்துக்கிட்டு இருக்கார்னா பணத்தைக் கையில கொடுக்காதீங்க. ஸ்லீமா பக்கம் தனி வீடு நினைச்சுக்கூடப் பார்க்க முடியாது, நாலு பேரோட அறையைப் பங்கு போட்டுத்தான் ஆகணும்.

கடற்காகம்:
குக்கர் எடுத்துட்டு வாங்க தம்பி. பாசிப்பருப்பு நிறைய எடுத்துட்டு வாங்க, அது எப்படியாவது வெந்துடும்.

கல்லுவீடு:
துவரம்பருப்பே எடுத்துட்டு வாங்க. எங்க வீட்டுக்கு வாங்க, வேக வெச்சுக் காட்டுறேன்.

புதுவரவு_சிவகாசி:
நன்றிண்ணே. ஆனா வாடகை போக மிஞ்சுமான்னு கேட்டேன்...

கடற்காகம்:
(ரெண்டு நாள் கழிச்சு) கல்லுவீடு இன்னும் படம் போடலை. வெந்த பருப்பு, பக்கத்துல குழாய், ரெண்டும் ஒரே படத்துல வரணும். பாட்டில் தெரியக் கூடாது.