பேசில் (துளசி இனத்து வாசனைச் செடி) விதை முளைக்கிறது, பிறகு கழுத்து மடிந்து விழுகிறது. என்ன செய்யலாம்?

வெள்ளவத்தைப் பல்கனி:

எல்லாருக்கும் வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் கடல் பக்கம் பார்த்த நாலாம் மாடி. காலையில் வெயிலே கிடையாது. மழை இல்லாத நாட்களில் பின்னேரம் இரண்டு மணியிலிருந்து நன்றாக அடிக்கும்.

எறிய மனமில்லாமல் சேர்த்து வைத்த தயிர்ச் சட்டிகளின் அடியில் ட்ரில்லால் ஓட்டை போட்டு (மூன்று உடைந்தன, அவருக்குச் சொல்லவில்லை), தும்புத்தூள் (தேங்காய் நார்த் தூள்) நிரப்பி விதை போட்டேன். பக்கெற்றில் வாங்கிய இத்தாலிப் பேசில், தாய் (தாய்லாந்து) பேசில், ஊதா இலைப் பேசில். அப்புறம், ஊரிலிருந்து மாமி கடித உறையில் மடித்துக் கொண்டுவந்த கிருஷ்ண துளசி. பலூடாவுக்கு வாங்கிய கசகசாவில் ஒரு கரண்டி மிச்சம் இருந்தது, விளையாட்டாக அதையும் ஒரு சட்டியில் தூவினேன்.

காசு கொடுக்காத அந்தக் கசகசாதான் நாலாம் நாளே புல்லு மாதிரி எழும்பியது. இத்தாலிக்காரர் ஆறாம் நாள் இருபது பேர் வந்தார்கள். ஈரம் காயக்கூடாது என்று ஐஸ்கிரீம் பெட்டி மூடியால் மூடி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். அடுத்த கிழமை பார்த்தால், மண்ணோடு ஒட்டிய இடத்தில் தண்டு நனைந்த நூல் போல மெலிந்து, பழுப்பாகி, ஒவ்வொன்றாகச் சாய்கிறது. இப்போது மூன்றுதான் மிச்சம். ஊதாவில் பாதி பச்சையாக வந்திருக்கிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? துளசி பதினாறு நாளாகியும் மூச்சு விடவில்லை. மாமி தினமும் தொலைபேசியில் கேட்கிறா.

தெஹிவளை மாடித்தோட்டம்:

தங்கச்சி, கொன்றது அந்த மூடிதான். மேலே காற்று ஓடாமல், கீழே தும்புத்தூள் சொதசொதவென்று இருந்தால், பூஞ்சணம் தண்டின் அடியைத் தின்றுவிடும். விழுந்தது பிழைக்காது, நிற்கிற மூன்றையும் காய்ந்த கலவைக்கு மாற்றுங்கள். அடுத்த முறை தும்புத்தூளோடு மூன்றில் ஒரு பங்கு ஆற்று மணல் கலவுங்கள். முளை தெரிந்த அன்றே மூடியை எடுத்துவிட வேண்டும். மேலே தெளிக்காமல், சட்டியை ஒரு தட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து எடுத்தால் அடியிலிருந்து தானாக உறிஞ்சிக் கொள்ளும். மேல்மண் வெளிறினால்தான் மறு தண்ணீர். கறுவாத் தூள் தூவச் சொல்வார்கள். நானும் தூவினேன், வீடு மணத்தது, செடி விழுந்துகொண்டேதான் இருந்தது.

ஊதா விஷயத்தில் கடைக்காரரைத் திட்டாதீர்கள். அந்த ரகத்தில் சிலது பச்சையாகத்தான் வரும். வெயில் குறைந்தாலும் நிறம் ஏறாது. உங்கள் பல்கனியில் அதற்கு முன்வரிசை கொடுங்கள்.

கொட்டாஞ்சேனை அண்ணன்:

கசகசா முளைத்ததில் அதிசயம் இல்லை. நாங்கள் இங்கே கசகசா என்று வாங்குவது பேசில் இனத்தின் விதைதான், தமிழ்நாட்டில் அதை சப்ஜா என்பார்கள். அங்கே போய்க் கசகசா கேட்டால் குருமாவுக்கு அரைக்கிற வெள்ளை விதையைத் தருவார்கள், அது வேறு செடி. ஆனால் பாஸ்டாவுக்கு அரைக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். என்னுடையது சின்ன இலை, கசக்கினால் பெருஞ்சீரக வாசம், சீக்கிரம் பூத்துவிட்டது. மீன் குழம்பில் கடைசியாக ஒரு பிடி போட்டால் நன்றாக இருக்கிறது.

ஒன்று மட்டும் கவனம். அதை ஊறவைத்து விதைக்க வேண்டாம். தண்ணீர் பட்டதும் வழுவழுவென்று ஊதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்து நட முடியாது. பூக்கவிட்டு விதை எடுக்கும் எண்ணம் இருந்தால் இத்தாலி, தாய், கசகசா மூன்றையும் பக்கத்தில் வைக்காதீர்கள். தேனீ கலந்துவிடும், அடுத்த தலைமுறை யாருடைய பிள்ளை என்று தெரியாது.

தெஹிவளை மாடித்தோட்டம்:

அண்ணன் சொன்னது சரி. பூக்க விடாமல் மூன்று சோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், இரண்டு கிளையாகும். இந்த மழைக் காலத்தில் இத்தாலிப் பேசில் இலை நரம்புகளுக்கிடையே மஞ்சளாகும். உரம் போதவில்லை என்று நினைத்து உரத்தைக் கொட்டுவோம், நானும் கொட்டினேன். இலையைத் திருப்பிப் பாருங்கள், சாம்பல் தூசி மாதிரி இருந்தால் அது பூஞ்சண நோய். செடியோடு பிடுங்கிக் குப்பையில் போடுவதுதான் வழி. தாய் பேசிலுக்கும் துளசிக்கும் அது அவ்வளவாக வராது.

பம்பலப்பிட்டி புதிய ஆள்:

கடல் காற்றில் இலை ஓரம் கருகாதா? எனக்குக் கருகுகிறது.

தெஹிவளை மாடித்தோட்டம்:

கருகும். தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் சட்டியைக் கைப்பிடிச் சுவருக்குக் கீழே இறக்கி வையுங்கள். மழை கழுவாத நாளில் நல்ல தண்ணீரால் இலையைக் காலையில் கழுவுங்கள், பின்னேரம் வேண்டாம்.

கொட்டாஞ்சேனை அண்ணன்:

துளசியை எவ்வளவு ஆழத்தில் போட்டீர்கள் என்று சொல்லவில்லையே?

வெள்ளவத்தைப் பல்கனி:

விரல் நுனி அளவுக்குக் குழி. மாமி கொடுத்ததாயிற்றே என்று பத்திரமாகப் புதைத்தேன்.

கொட்டாஞ்சேனை அண்ணன்:

புதைத்தேவிட்டீர்கள்! அது கடுகைவிடச் சின்ன விதை. மண்ணின் மேல் தூவி உள்ளங்கையால் அழுத்தினால் போதும், அதற்கு வெளிச்சம் வேண்டும். கடித உறை ஈரம் குடித்திருந்தாலும் முளைக்கத் தாமதமாகும். மிச்ச விதையைச் சின்னப் போத்தலில் இறுக்கி மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

வெள்ளவத்தைப் பல்கனி:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். மூன்று இத்தாலிக்காரரில் இரண்டு பேர் தேறிவிட்டார்கள். கறிவேப்பிலைத் தொட்டியின் ஓரத்தில் களை முளைத்திருக்கிறது என்று நேற்றுப் பிடுங்கப் போனேன். தண்டில் ஊதா நிறம், மெல்லிய மயிர். ஒரு இலையை நசுக்கி மணந்தேன், கராம்பு வாசம். மாமியின் உறையை அந்தத் தொட்டிக்கு மேலே வைத்துத்தான் அன்றைக்குக் கிழித்தேன். ஏழு நாற்று எண்ணினேன். மாமிக்குப் படம் அனுப்பிவிட்டேன், தொட்டி வேறு என்று சொல்லவில்லை.