திரையில் 5ஜி, அறைக்குள் எதுவும் ஓடவில்லை: காரைக்குடியிலிருந்து உதவி கேட்கிறேன்

இரண்டாங்கட்டு மாணவி:

வணக்கம். காரைக்குடியில் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் இரண்டாங்கட்டில், அதாவது முன் முற்றத்தைத் தாண்டிய உள்பகுதியில், அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். ஊருக்கு 5ஜி வந்தபோது இனி பிராட்பேண்டே தேவையில்லை, போனிலேயே எல்லா வேலையும் முடிந்துவிடும் என்று சொன்னார்கள். மொட்டைமாடியில் நின்றால் அது உண்மைதான், ஒரு மணி நேர என்பிடெல் இணைய வழிப் பாடம் மளமளவென்று இறங்கிவிடுகிறது. அறைக்குள் வந்தால் மேலே 5ஜி என்றுதான் காட்டும், வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கும். இரவு எட்டு மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் ஒரு படம் போவதுகூடக் கஷ்டம்.

பாடம் பார்ப்பது மட்டும் என்றால் விடியற்காலையில் எழுந்து இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் போன வாரம் என் அறைத் தோழி ஒரு நிறுவனத்தின் வேலைவாய்ப்புத் தேர்வை, கேமராவை ஆன் செய்து வைத்து எழுத வேண்டியதை, எழுதிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு போய்விட்டது, மறுபடி உள்ளே விடவில்லை. நன்றாகப் படிக்கிற பெண். எனக்கு வருகிற சனிக்கிழமை அதே மாதிரித் தேர்வு.

ஏர்பிளேன் மோட், நெட்வொர்க் ரீசெட், ஏபிஎன் எல்லாம் பார்த்தாயிற்று. வாடிக்கையாளர் சேவையில் சிம்மை மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம், அப்படியேதான் இருக்கிறது. எந்த நிறுவனம் என்று வேண்டுமென்றே எழுதவில்லை, இழை அந்தச் சண்டையாகப் போய்விடக் கூடாது.

திருச்செங்கோடு ஹாஸ்டல்:

முதலில் உங்கள் பிளானைப் பாருங்கள். 2024 ஜூலையில் கட்டணத்தை ஏற்றியபோது, ஒரு நாளைக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பிளான்களுக்குத்தான் அளவில்லாத 5ஜி என்று மாற்றினார்கள். அதற்குக் கீழே ரீசார்ஜ் செய்திருந்தால் அந்த அளவில்லாத 5ஜி கிடைக்காது, அன்றைய ஜிபி தீர்ந்ததும் 64 கேபிபிஎஸ் ஆமை வேகம்தான். எங்கள் ஹாஸ்டலில் பாதிப் பேருக்கு "ராத்திரி ஸ்லோ" என்பதன் காரணம் இதுதான்.

அப்புறம் போன். 2020, 21இல் வந்த சில 5ஜி போன்களில் ஒன்றிரண்டு பேண்டுகள், அதாவது அலைவரிசைகள், மட்டும்தான் இருக்கும், 700 மெகாஹெர்ட்ஸ் இருக்காது. பெட்டியிலோ தயாரிப்பாளரின் தளத்திலோ பேண்டு பட்டியல் இருக்கும், பாருங்கள்.

இரண்டாங்கட்டு மாணவி:

நன்றி. பிளான் 2 ஜிபி, அளவில்லாத 5ஜி உண்டு என்று செயலியிலும் காட்டுகிறது. போன் போன வருஷம் வாங்கியது. நாலு பேரிடமும் வேறு வேறு போன், நாலிலும் இதே கதை.

டிரைவ்டெஸ்ட் மதுரை:

தங்கச்சி, நான் செய்வது இந்த வேலைதான், வண்டியில் கருவியை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக சிக்னல் அளப்பது. நாலு போனிலும் ஒரே மாதிரி என்றால் போனை விட்டுவிடலாம்.

முதலில் அந்த 5ஜி எழுத்தை நம்பாதீர்கள். இந்தியாவில் 5ஜி இரண்டு விதமாக ஓடுகிறது. ஒன்று முழுக்கத் தனியாக நிற்பது. இன்னொன்று 4ஜி மேல் ஏறி நிற்பது, இதில் போன் முதலில் 4ஜியைப் பிடித்துக்கொண்டு அதோடு 5ஜியைச் சேர்த்துக்கொள்ளும். இந்த இரண்டாவது வகையில் "என்னோடு 5ஜி சேர்க்க வசதி உண்டு" என்று 4ஜி டவர் ஒரு தகவலை ஒலிபரப்பும், அதைப் பார்த்த உடனே பல போன்கள் 5ஜி என்று காட்டிவிடும். உண்மையில் அந்த நேரத்தில் உங்கள் டேட்டா முழுவதும் நெரிசலான 4ஜியில் போய்க்கொண்டிருக்கலாம்.

அடுத்தது அலைவரிசை. இங்கே 5ஜி பெரும்பாலும் 3300 மெகாஹெர்ட்ஸில்தான் வேகம் தருகிறது. அது திறந்த வெளியில் பிரமாதமாகப் போகும், சுவரைக் கண்டால் நின்றுவிடும். 4ஜிக்குப் பயன்படும் 1800, அதைவிட 850, 900 எல்லாம் சுவருக்குள் ஓரளவு நுழையும்.

அளந்து பார்க்காமல் பேசுவதில் பயனில்லை. ஆண்ட்ராய்டில் டயல் பேடில் *#*#4636#*#* அடியுங்கள், சாம்சங் என்றால் *#0011#, ஐபோனில் *3001#12345#* அடித்து அழைப்பு பட்டனை அழுத்துங்கள். ஆர்எஸ்ஆர்பி என்று மைனஸில் ஒரு எண் வரும், அதுதான் சிக்னல் பலத்தின் அளவு. மைனஸ் 80 பக்கம் என்றால் அருமை, 100 சுமார், 110ஐத் தாண்டினால் தொல்லை, 120 என்றால் ஏறக்குறைய இல்லை. இதை அறையிலும் மாடியிலும் பாருங்கள், காலையிலும் இரவு ஒன்பது மணிக்கும் பாருங்கள், ஒவ்வொரு முறையும் கூடவே ஸ்பீடு டெஸ்ட்டும் எடுங்கள். டவுன்லோடை மட்டும் குறிக்காமல் அப்லோடையும் குறியுங்கள். மாடியில் இரவிலும் வேகம் இருந்தால் குற்றம் சுவருடையது. சிக்னல் எண் அப்படியே இருந்து வேகம் மட்டும் விழுந்தால் குற்றம் டவர் பக்கம்.

ஆன்லைன் ஆர்டர்:

ஆன்லைனில் சிக்னல் பூஸ்டர் விற்கிறது, நாலாயிரம் ரூபாய் வரும். மாடியில் ஆன்டெனா, உள்ளே ஒரு பெட்டி. நாலு பேர் பங்கு போட்டால் பெரிய செலவில்லை.

டிரைவ்டெஸ்ட் மதுரை:

தயவு செய்து வேண்டாம். அனுமதியில்லாமல் அதை வைப்பது சட்டப்படி குற்றம், அதோடு அந்தப் பெட்டி போடும் இரைச்சல் டவருக்குள் போய் தெரு முழுவதற்கும் சிக்னலைக் கெடுக்கும். ஒரு தெருவே புகார் செய்து, தேடிக்கொண்டு போனால் கடைசியில் ஒரு வீட்டு மாடியில் இந்தப் பெட்டி இருக்கும். எங்கள் வேலையில் இது வழக்கம்.

கண்டனூர் பெரியவர்:

ஏம்மா, நீங்கள் இருப்பது இரண்டாங்கட்டு என்கிறீர்கள். அந்த வீட்டுச் சுவர் சாதாரணச் சுவர் இல்லை. தடித்த செங்கல் கட்டு, அதன் மேல் சுண்ணாம்பு பூச்சு அடுக்கடுக்காக, கதவு நிலை எல்லாம் பர்மா தேக்கு. வெயிலை உள்ளே விடக் கூடாது என்று கட்டிய வீடு. தெருவில் இருந்து உங்கள் அறைக்கு வர முகப்பு, வளவு, பிறகு உங்கள் கட்டு என்று எத்தனை சுவர் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் வளவில் நடு முற்றம் வானம் பார்த்து இருக்குமே. அங்கே தூண் ஓரமாக போனை வைத்துப் பார்த்தீர்களா? என் பேரன் விடுமுறைக்கு வந்தால் அங்கேதான் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை செய்கிறான். வீட்டு ஆச்சியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், படிக்கிற பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

இரண்டாங்கட்டு மாணவி:

ஐயா, தூண் ஓரம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை, நன்றி. அண்ணா, நீங்கள் சொன்னபடி எடுத்துவிட்டோம்.

மாடியில் 5ஜி மைனஸ் 82, காலையில் டவுன்லோடு 300 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல். அதே இடத்தில் இரவு ஒன்பது மணிக்கும் மைனஸ் 82தான், ஆனால் டவுன்லோடு 9, அப்லோடு ஒன்றுகூட இல்லை. அறைக்குள் 5ஜி மைனஸ் 117, ஒரு நிலையில் நிற்காமல் வந்து வந்து போகிறது, 4ஜி மைனஸ் 99. முற்றத்துத் தூண் பக்கம் 5ஜி 96, 4ஜி 84. இரண்டு குற்றமும் சேர்ந்தே இருக்கிறது என்று நான் புரிந்துகொண்டது சரியா?

டிரைவ்டெஸ்ட் மதுரை:

மிகச் சரி. எங்கள் பையன்களே இவ்வளவு தெளிவாக எழுதிக் கொண்டுவருவதில்லை.

அறைக்குள் மைனஸ் 117 என்பது விளிம்பு. போன் 5ஜியைப் பிடிப்பதும் விட்டு 4ஜிக்கு ஓடுவதும் மறுபடி 5ஜிக்கு வருவதுமாக இருக்கும். வீடியோ என்றால் கொஞ்சம் முன்கூட்டியே இறக்கி வைத்திருக்கும், சில நொடி அறுந்தாலும் சமாளித்துவிடும். கேமரா தேர்வில் அந்தச் சில நொடிகளே போதும், ஆள் எழுந்து போய்விட்டார் என்று மென்பொருள் முடிவு செய்துவிடும். அதனால் சனிக்கிழமை போனில் 5ஜியை அணைத்துவிடுங்கள். மொபைல் நெட்வொர்க் அமைப்பில் 4ஜி அல்லது எல்டிஇ என்று தேர்ந்தெடுத்தால் போதும்.

இதைச் சொன்னால் பலர் கோபப்படுகிறார்கள், இவ்வளவு காசு கொடுத்து 5ஜி போன் வாங்கிவிட்டு 4ஜிக்குப் போவதா என்று. தேர்வில் உங்கள் முகம் மேலே போக வேண்டும், அதாவது அப்லோடு. டவர் பல பத்து வாட் சக்தியில் பேசுகிறது, உங்கள் போனுக்கு இருப்பது சாதாரணமாக 0.2 வாட். டவர் சொல்வது சுவர் தாண்டி உங்களுக்குக் கேட்கும், நீங்கள் சொல்வது டவருக்குக் கேட்காது. போதாததற்கு 3300இல் ஒரே அலைவரிசையை டவுன்லோடும் அப்லோடும் நேரம் பிரித்துக்கொள்கின்றன, அதில் பெரும்பங்கு டவுன்லோடுக்கு. 1800 போன்ற 4ஜி பேண்டுகளில் அப்லோடுக்கென்று தனி அலைவரிசையே உண்டு. கேமராவுக்கு வேண்டியது ஒரு எம்பிபிஎஸ் பக்கம்தான், அது அறாமல் வந்தால் போதும்.

தூண் ஓரத்தில் போனை வைத்து, லேப்டாப்புக்கு வைஃபை ஹாட்ஸ்பாட் போடாமல் யுஎஸ்பி கேபிளில் இணையுங்கள். சார்ஜும் ஏறும், ஹாட்ஸ்பாட் தானாக அணைந்துபோகும் தொல்லையும் இல்லை. தேர்வு நேரம் முழுக்க வேறு யாரும் அந்த போனில் இணைய வேண்டாம்.

இரவுப் பிரச்சினைக்கு நீங்கள் வீட்டில் எதுவும் செய்ய முடியாது. சிக்னல் 82இல் இருந்தும் 300 இருந்த இடம் 9க்கு வருகிறது என்றால், ஒன்று அந்த செக்டாரில், அதாவது டவரின் ஒரு பக்கம் கவனிக்கும் பகுதியில், ஆள் அதிகம், அல்லது டவருக்குப் பின்னால் இருக்கும் இணைப்பு போதவில்லை. எல்லா டவருக்கும் ஃபைபர் வந்துவிடவில்லை, சிறு ஊர்களில் மைக்ரோவேவ் தட்டு வழியாக அடுத்த டவருக்குத் தாவிப் போகும் டவர்கள் நிறைய. 5ஜி ரேடியோவை மேலே ஏற்றி மாட்டிவிடலாம், பின்னால் இருக்கும் பாதை பழையதாகவே இருந்தால் இரவில் அதன் அளவு தெரிந்துவிடும். கல்லூரி ஊர்களில் இது அதிகம். பகலில் அத்தனை பேரும் கேம்பஸில், இரவில் அத்தனை பேரும் அறை வாடகைக்குக் கிடைக்கும் அதே நாலு தெருவில். மக்கள்தொகைக் கணக்கில் அந்தத் தெரு அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

திருச்செங்கோடு ஹாஸ்டல்:

5ஜி சிக்னலில் ஓடும் வீட்டு இணைப்பு, அந்த ஏர்ஃபைபர் போட்டால்? ஆன்டெனாவை மாடியில்தானே வைக்கிறார்கள்.

டிரைவ்டெஸ்ட் மதுரை:

சுவர் பிரச்சினை தீரும், இரவு நெரிசல் தீராது, அதுவும் அதே டவர்தானே. நாலு பேர் பங்கு போடுவதாக இருந்தால் தெருவில் ஃபைபர் கம்பி வந்திருக்கிறதா என்று கேபிள்காரரிடம் கேளுங்கள், பிஎஸ்என்எல் ஃபைபரைப் பல ஊர்களில் அவர்கள்தான் இழுத்துத் தருகிறார்கள். சனிக்கிழமைக்குள் அது நடக்காது, அவசரத்துக்கு வேறு நிறுவனத்தின் சிம் ஒன்று இன்னொரு போனில் தயாராக இருக்கட்டும். பிஎஸ்என்எல் 4ஜி 2025 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கியது, அதில் 700 பேண்டும் உண்டு, உங்கள் பகுதியில் எப்படி என்று தூண் பக்கம் ஒருமுறை அளந்து பாருங்கள்.

புகாரை "ஸ்லோவாக இருக்கிறது" என்று சொல்லாதீர்கள். இடம், நேரம், ஆர்எஸ்ஆர்பி, காலை வேகம், இரவு வேகம், இதே வரிசையில் எழுதிக் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். சரியான பதில் இல்லாமல் முடித்துவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அந்த எண்ணோடு போகலாம், அது உங்கள் உரிமை, செலவு கிடையாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மைஸ்பீட் செயலியில் டெஸ்ட் எடுத்தால் முடிவை அங்கிருந்தே டிராய்க்கு அனுப்பிவிடலாம்.

இரண்டாங்கட்டு மாணவி:

அப்டேட். தேர்வு முடிந்தது, ஒரு இடத்திலும் துண்டிக்கவில்லை. தூண் ஓரம், 4ஜி மட்டும், யுஎஸ்பி கேபிள். ஆச்சி தேர்வு முடியும்வரை வளவுப் பக்கம் யாரையும் வரவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். தோழிக்கு இன்னொரு நிறுவனத்தின் தேர்வு வருகிறது, அவளும் அங்கேயேதான் எழுதப்போகிறாள்.

இரவு வேகம் இன்னும் அப்படியே. எங்கள் தெருவில் மற்ற அறைகளில் இருப்பவர்களிடமும் அளவுகளை வாங்கிச் சேர்த்துப் புகார் கொடுத்தோம். ஒருவர் வந்து மாடியில் அளந்துவிட்டு, இந்த செக்டாரில் சுமை அதிகம்தான், மேலே எழுதுகிறேன் என்றார். எப்போது சரியாகும் என்று சொல்லவில்லை. அவரிடம் வேறு என்ன கேட்டிருக்க வேண்டும் அண்ணா?

டிரைவ்டெஸ்ட் மதுரை:

வாழ்த்துகள் தங்கச்சி. சுமை அதிகம் என்று அவர் வாயால் சொன்னதைப் புகாரின் பதிலில் எழுத்தில் வரச் சொல்லுங்கள், மேல்முறையீட்டுக்கு அதுதான் பலம். அந்த டவருக்கு ஃபைபர் இருக்கிறதா, இல்லை என்றால் எப்போது என்றும் கேளுங்கள். அப்புறம் உங்கள் போனில் அதே சோதனைப் பக்கத்தில் செல் ஐடி என்று ஒரு எண் இருக்கும், டவரின் எந்தப் பகுதியோடு போன் பேசுகிறது என்பதை அது காட்டும், இரவு ஒன்பது மணிக்கு உங்கள் தெருவில் ஒவ்வொருவரும் எந்த எண்ணில் இருக்கிறார்கள் என்று குறித்து வையுங்கள். எல்லோரும் ஒரே எண்ணில் இருந்தால் சுமையைப் பக்கத்து செக்டாருக்குக் கொஞ்சம் தள்ளிவிட முடியும், அது புது டவர் போடும் அளவுக்குப் பெரிய வேலை இல்லை. அந்தப் பட்டியலை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.