வீடு மாத்தும்போது வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ்: அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

அடுத்த மாசம் தூர ஊருக்குக் குடிபோறோம். துணி, பாத்திரத்தை எப்படியோ கட்டிடலாம். கவலையெல்லாம் முன்பக்கம் திறக்கிற வாஷிங் மெஷின் மேலதான். டிரம் ஆடாம இருக்க பின்னாடி போல்ட் போட்டு முடுக்கணுமாமே? செகண்ட் ஹேண்டா வாங்கினதால அந்த போல்ட் எங்ககிட்ட இல்ல. தனியா வாங்க முடியுமா, வேற வழி இருக்கா?

ஃப்ரிட்ஜை முந்தின நாளே அணைச்சு, ஐஸ் கரைஞ்சதும் துடைச்சு, நிமிர்த்தியே ஏத்தணும்னு தெரியும். லாரிக்காரர் படுக்கவெச்சாதான் இடம் பத்தும்கிறார். கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள்ள போயிடாதா? அப்படிக் கொண்டுபோனவங்க, இறக்கி எவ்வளவு நேரம் கழிச்சு ஆன் பண்ணீங்க?

பத்திரம், நகை, சர்டிஃபிகேட் எல்லாம் எங்க கையோடதான் வரும் (மாமியார் உத்தரவு, மறுபேச்சு இல்ல). நாமளே கட்டின பெட்டிக்குள்ள பொருள் உடைஞ்சா இன்ஷூரன்ஸ்ல பணம் வருமா? வாங்கினவங்க யாராவது இருக்கீங்களா?