இன்டெல் லேப்டாப்பில் 'ஏஎம்டி64' ஃபைலைப் போடலாமா?

ஹாஸ்டல்வாசி:
என்னுடையது இன்டெல் கோர் ஐ3 லேப்டாப். டெபியன் லினக்ஸ் போடலாம் என்று ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் ஃபைல்) இறக்கினேன். ஹாஸ்டல் வைஃபையில் மூன்று மணி நேரம். முடிந்த பிறகுதான் பார்க்கிறேன், ஃபைல் பெயரில் 'ஏஎம்டி64' என்று இருக்கிறது. வேறு கம்பெனிக்கானதை இறக்கித் தொலைத்துவிட்டேனா?

நிலா:
இல்லை, அதேதான். போடுங்கள்.

பழைய_மதர்போர்டு:
தம்பி, தாராளமாகப் போடு. இருபது வருஷமாக சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், மாதம் ஒருவராவது இதைக் கேட்டுவிடுவார்.

ஏஎம்டி 1969-இல் கலிபோர்னியாவில் ஜெர்ரி சாண்டர்ஸும் கூட்டாளிகளும் ஆரம்பித்தது. பீசி சிப்புக்கு ஒரே கம்பெனியை நம்பியிருக்க ஐபிஎம் விரும்பவில்லை. அதனால் 1982-இல் இன்டெல் டிசைனில் சிப் செய்ய ஏஎம்டிக்கு உரிமம் கிடைத்தது. 'இன்டெலோட டூப்ளிகேட்' என்ற பேச்சுக்கு வேர் அங்கேதான்.

64 பிட் வந்தபோது ஆட்டம் மாறியது. இன்டெல், ஹெச்பியோடு சேர்ந்து இடானியம் என்று அடியோடு புது வழியில் போனது. பழைய 32 பிட் புரோகிராம்கள் அதில் நொண்டின. ஏஎம்டியோ பழைய வீட்டை இடிக்காமல் மேலே மாடி கட்டியது. இன்டெலின் அதே பழைய எக்ஸ்86 கட்டளை முறைதான், பொது ரெஜிஸ்டர்களை (கணக்குப் போடும்போது சிப் எண்களை வைத்துக்கொள்ளும் இடங்கள்) 64 பிட்டாக அகலமாக்கி, எட்டாக இருந்ததைப் பதினாறாக்கினார்கள். 2003 ஏப்ரலில் அப்படிச் செய்த முதல் சிப், ஆப்டெரான் வந்தது. அடுத்த வருஷமே இன்டெலும் அந்த வழிக்கு வந்துவிட்டது. உன் ஐ3-க்குள் ஓடுவதும் அதுதான். டெபியன்காரர்கள் முதலில் செய்தவர் பெயரை அப்படியே வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஹாஸ்டல்வாசி:
அப்பாடா! அப்புறம் ஏன் அண்ணா, ஏஎம்டி என்றாலே சூடாகும் என்கிறார்கள்? அக்கா தன் ஏஎம்டி ரைசன் டெஸ்க்டாப்பைத் தருவதாகச் சொல்கிறாள், அதான் கேட்கிறேன்.

பழைய_மதர்போர்டு:
அது 2011-இல் வந்த ஏஎம்டியின் புல்டோசர் சிப் காலத்துப் பேச்சு. அந்த வரிசையில் எஃப்எக்ஸ்-9590 என்று ஒன்று, 220 வாட்! அதற்கு முன்பே கிராபிக்ஸ் கம்பெனி ஏடிஐ-யை வாங்கிய கடன் கழுத்தை நெரிக்க, 2009-இல் ஃபேக்டரிகளையும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். 2015-இல் பங்கு 2 டாலருக்கும் கீழே. பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கேம் மெஷின்கள் இரண்டுக்குள்ளும் ஏஎம்டி சிப் இருந்ததால்தான் மூச்சு ஓடியது என்பேன். 2014-இல் லிசா சூ தலைமைக்கு வந்தார், 2017-இல் ரைசன் வந்தது. சூட்டுக்குப் பயந்து அக்காவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

எப்போதாவது கூலரைக் கழற்றினால் ஒன்று மட்டும் கவனம். ஏஎம்4 சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்) மாடலாக இருந்தால் பின் எல்லாம் பிராசசரின் அடியில்தான், மொத்தம் 1331. ஒருமுறை, பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பேஸ்ட் காய்ந்திருக்கும்போது கூலரை அவசரமாக இழுத்தேன். பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஒரு வரிசை சாய்ந்துபோய், லெட் எடுத்த மைக்ரோடிப் பென்சில் முனையை விட்டு ஒவ்வொரு பின்னாக நிமிர்த்தினேன். ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. நீ கழற்றுவதற்கு முன் பத்து நிமிஷம் ஏதாவது கேம் ஓட்டு, பேஸ்ட் இளகும். ஆஃப் செய்து, வயரைப் பிடுங்கிவிட்டு, இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடு.

ஹாஸ்டல்வாசி:
சரி அண்ணா. இன்ஸ்டால் 60 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.