2002 டொராண்டோ ரெசில்மேனியாவை நேரில் கண்டவர்களின் உதவி தேவை

வணக்கம். 2002 மார்ச் 17 அன்று டொராண்டோ ஸ்கைடோம் அரங்கில் ரெசில்மேனியா என்னும் தொழில்முறை மல்யுத்த நிகழ்ச்சியை நேரில் கண்ட நினைவுகளை எழுதி வருகிறேன். மல்யுத்த வீரர் ராக்குடன் மோதிய ஹல்க் ஹோகன் அன்று வில்லன் வேடத்திலேயே களமிறங்கினார்; ஆயினும் அரங்கமே அவர் பக்கம் சாய்ந்து, நாயகனாக வந்த ராக்கை எதிர்த்துக் கூச்சலிட்டபோது, ஓர் ஆட்டத்தின் பொருளையே ரசிகர்கள் மாற்றிவிட முடியும் என்பதைக் கண்ணாரக் கண்டேன். வென்றவர் ராக்தான். அதற்குப் பின், டிரிபிள் எச்சும் கிறிஸ் ஜெரிக்கோவும் மோதிய இறுதி ஆட்டத்தில் அரங்கம் களைத்து அடங்கியிருந்ததாகவே எனக்கு நினைவு. ஒளிபரப்பில் வர்ணனையாளர்களின் குரலே மேலோங்குவதால், இதை அதிலிருந்து உறுதிசெய்ய இயலவில்லை. அன்று அரங்கில் இருந்தவர்கள், குறிப்பாக மேல் அடுக்குகளில் அமர்ந்திருந்தவர்கள், தாங்கள் கேட்டதை எழுதுமாறு வேண்டுகிறேன். நுழைவுச்சீட்டின் படமோ கையால் எழுதிய குறிப்போ இருப்பின் பேருதவியாக இருக்கும்.