.45-70 தோட்டாக் கேஸில் 70 கிரெயின் கருமருந்து அடங்கவில்லை, உதவி தேவை

வணக்கம். டெக்சாஸில் இருக்கிறேன். ஆறு மாதமாக என் ஷார்ப்ஸ் ரைஃபிளுக்கு நானே தோட்டா தயாரிக்கிறேன். 405 கிரெயின் (கிரெயின் என்பது எடை அலகு) ஈயக் குண்டு, எஃப்எஃப்ஜி (மணியின் பருமனைக் குறிக்கும் தரம்) கருமருந்து. 1873-இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட அளவு 70 கிரெயின்தானே, அதையே போடலாம் என்று பார்த்தால் கேஸ் (தோட்டாவின் உலோகக் கூடு) வாய் வரை நிறைந்துவிடுகிறது. குண்டு உட்கார இடமே இல்லை. தோட்டா தயாரிக்கும் பிரஸ்ஸின் கைப்பிடியை அழுத்தி எப்படியோ உட்கார வைத்தேன். சந்தேகம் வந்து இரண்டு தோட்டாவைப் பிரித்துப் பார்த்தால், குண்டின் மூக்கு நசுங்கி, அடிப்பக்கம் கோணலாகி இருக்கிறது. 100 கஜத்தில் ஐந்து குண்டும் 8 அங்குலத்துக்குச் சிதறுகின்றன. அந்தக் காலத்தில் மட்டும் எப்படி அடங்கியது?

பதில்

தம்பி, முதலில் கேஸ். அன்றைய செப்புக் கேஸின் அடிப்பாகம் மெல்லியது, உள்ளே இடம் அதிகம். இன்றைய பித்தளைக் கேஸுக்கு அடி கனம். அதே 70 கிரெயின் இதில் மேலே ஏறித்தான் நிற்கும்.

ஊரில் படியில் அரிசி அளப்பதைப் பார்த்திருப்பீர்கள். சும்மா அள்ளிக் கொட்டினால் ஒரு அளவு, குலுக்கி அளந்தால் இன்னும் ஒரு கைப்பிடி பிடிக்கும். டிராப் டியூப் செய்வதும் அதுதான். 24 அங்குல நீளப் பித்தளைக் குழாய், மேலே ஃபனல், கீழே கேஸ். மருந்தை மொத்தமாகக் கவிழ்க்காமல் நூல் பிடித்தாற்போல மெல்ல விடுங்கள். ஒவ்வொரு மணியும் தனியாக விழுந்து தன் இடத்தைத் தேடி உட்காரும். அவசரப்பட்டுக் கொட்டினால் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நடுவில் இடைவெளி விட்டுவிடும், நீளக் குழாய் வாங்கியும் பயனில்லை.

அப்படியும் கொஞ்சம் மிச்சம் நிற்கும். அதைக் குண்டால் அழுத்தாதீர்கள், உங்கள் குண்டு கெட்டது அதனால்தான். 20 பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்த குண்டுகூட மெத்தென்றுதான் இருக்கும். மருந்தின் மேல் ஒரு வட்ட அட்டை (வேட் என்பார்கள்) வைத்து, கம்ப்ரஷன் டை (மருந்தை அழுத்த பிரஸ்ஸில் மாட்டும் அச்சு) போட்டு அழுத்துங்கள். அப்புறம் குண்டு கையாலேயே இறங்கும். அதற்காக இடைவெளியும் விட்டுவிடக் கூடாது. குண்டின் அடி வேட்டைத் தொட்டு நிற்க வேண்டும், கருமருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்று இருந்தால் குழலுக்கே ஆபத்து.

இன்னொரு பதில்

அண்ணன் சொன்னது சரி. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: எந்த மருந்து என்பதைப் பொறுத்து அழுத்தம் மாறும். ஸ்விஸ் பிராண்ட் மருந்துக்கு லேசான அழுத்தம் போதும், கோயெக்ஸ் பிராண்ட் நன்றாகவே அழுத்தம் கேட்கும். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி இலக்கில் பாருங்கள்.

குழாயின் உள்ளே ஈரமோ எண்ணெயோ இருந்தால் மருந்து ஒட்டி நிற்கும். ஒரு கேஸில் குறைந்து அடுத்ததில் கூடிவிடும். அதனால் மருந்து போட்ட கேஸ்களை வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து மட்டம் பாருங்கள். நான் இதைச் செய்யாமல் ஒரு தோட்டாவைக்கூட மூடுவதில்லை.

இதைப் படித்துவிட்டுப் புகையில்லா மருந்தில் (இன்றைய தோட்டாக்களில் போடும் நவீன மருந்து) யாரும் இறங்க வேண்டாம். அங்கேயும் நீளக் குச்சி மணிகளை உட்கார வைக்க டிராப் டியூப் உண்டு. ஆனால் இடம் கிடைத்தது என்று கையேட்டின் உச்ச அளவுக்கு மேல் ஒரு கிரெயினும் சேர்க்கக் கூடாது. .45-70 கேஸைப் புகையில்லா மருந்தால் நிரப்பினால் துப்பாக்கியே வெடித்துவிடலாம்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. வன்பொருள் கடையில் 24 அங்குலப் பித்தளைக் குழாய் வாங்கி, ஃபனல் பொருத்தி, மரக்கட்டையில் நிறுத்தினேன். முதல் கேஸிலேயே மருந்து வாய்க்குக் கீழே கால் அங்குலம் இறங்கிவிட்டது. கண்ணால் பார்த்தும் நம்ப முடியாமல் திரும்பக் கொட்டித் தராசில் வைத்தேன், அதே 70. மிச்சத்தை டை அழுத்தியது. குண்டை விரலால் தள்ளினேன், வேட் வரை போய் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை 20 தோட்டா சுட்டேன். 100 கஜத்தில் ஐந்தைந்தாக 3 அங்குலத்துக்குள் விழுந்தன. கடைசி ஐந்து மட்டும் கொஞ்சம் விரிந்தன, குழலில் கரி கட்டியிருந்தது. அடுத்த வாரம் ஒவ்வொரு ஐந்துக்கும் நடுவே ஈரத்துணி விட்டுத் துடைத்துச் சுடப்போகிறேன்.